தோரியனைட்டிலிருந்து பிக்கோ செக்கன் வரை

கண்டியில் ஆனந்தக் குமாரசுவாமியைக் கலை வரலாற்றாசிரியராகவே நினைவுகூர்கிறோம். 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு எழுதிய பகிரங்கக் கடிதமும், மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளிவந்த பெருநூலும் அதற்குப் போதிய காரணங்கள். ஆனால் 1903 முதல் 1906 வரை அவர் இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராக இருந்த புவிச்சரிதவியலாளர். சப்பிரகமுவாவின் ஆற்றுச் சரளையில் அகப்பட்ட, கன்னங்கரேலென்ற கனத்த பளிங்குகளை 1904இல் ஆராய்ந்தவர் அவர். லண்டனில் இரசாயனவியலாளர் டன்ஸ்டன் அவற்றுக்குத் தோரியனைட் என்று பெயரிட்டார். அந்தக் கனிமத்திலிருந்து பெற்ற உப்பைத்தான் அங்கு இன்னொரு இரசாயனவியலாளரான ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஓட்டோ ஹான் பிரித்துப் பார்த்தார். 1905இல் ரேடியோதோரியம் வெளிப்பட்டது. இன்று அது தோரியம்-228.

அதன் சிதைவுத் தொடரில் ஒரு கிளை தாலியம்-208 வழியாக ஈயம்-208இல் முடிகிறது. 82 புரோத்தன், 126 நியூத்திரன். இரண்டுமே மாய எண்கள். அணுக்கருக் கொள்கைகளுக்கெல்லாம் உரைகல்லான கரு இது. தாலியம் சிதையும்போது ஈயக் கரு அருட்டப்பட்ட நிலையில் பிறக்கிறது. 3198 கிலோ இலத்திரன்வோற்று நிலையிலிருந்து 583 என்ற காமாக் கதிரை விட்டு 2614 நிலைக்கு இறங்கும். அங்கிருந்து இன்னொரு கதிரை விட்டுத் தரைநிலையை அடையும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு காமா நிறமாலைமானியை வெறுமனே இயங்க விட்டாலும், பாறையிலும் செங்கல்லிலும் உள்ள தோரியத்தால் இந்த 2614 உச்சி எழும்.

மேல்நிலையின் அரைவாழ்வு ஏறக்குறைய 294 பிக்கோ செக்கன். கீழ்நிலையுடையது 17க்குச் சற்றுக் குறைவு. ஒரேயொரு புரோத்தன் மட்டும் நிலை மாறுவதாகக் கணக்கிட்டால் கீழ்நிலை ஏறத்தாழ 34 மடங்கு நீண்டு வாழ வேண்டும். அத்தனை விரைவாக அது மறைவதால், துணிக்கைகள் பல கூடிக் கருவைப் பேரிக்காய் வடிவில் அதிர வைக்கின்றன என்று அறிகிறோம். மேல்நிலையோ அந்தக் கணக்கைவிட நீண்டு வாழ்கிறது. ஆற்றலை மட்டும் அளந்திருந்தால் இந்த வேற்றுமை கண்ணில் பட்டிராது.

ஒரு நிலையை ஊட்டும் கதிருக்கும் அதிலிருந்து இறங்கும் கதிருக்கும் இடையிலான நேரத்தைச் சீரியம் கலந்த லாந்தனம் புரோமைட்டுப் பளிங்குகள் இரண்டைக் கொண்டு அளந்தால், அந்த நேரப் பரம்பலின் அகலம் சில நூறு பிக்கோ செக்கன். 294 அதில் சரிவான வாலாகத் தெரியும், 17 தெரியாது. பரம்பலின் மையம் எவ்வளவு நகர்ந்தது என்றே பார்க்க வேண்டும். 1950இல் சொல்த்தான் பாய் காட்டிய வழி அது. அகலம் 300 பிக்கோ செக்கனாக இருந்தாலும் 10,000 நிகழ்வுகள் சேர்ந்தால் மையம் 1.3க்குள் நிலைக்கும். ஆகவே எண்ணிக்கை பெரிய தடையல்ல. தடை, கருவியின் நேரப் பூச்சியம் எங்கே நிற்கிறது என்பதே.

சிறிய துடிப்பு பெரியதைவிடத் தாமதமாக வாசல் மட்டத்தைத் தாண்டும். துடிப்பின் உயரத்தில் குறித்த பின்னத்தைப் பார்த்து நேரம் குறிக்கும் சுற்று இதைக் குறைக்கும், முற்றாக நீக்காது. மூலத்தை 3 மில்லிமீற்றர் ஒருபக்கம் நகர்த்தினால் ஒரு கதிர் 10 பிக்கோ செக்கன் முந்தும், எதிர்ப்பக்கத்தது அவ்வளவு பிந்தும். சேர்ந்து 20, நாம் தேடும் அரைவாழ்வையே விழுங்கிவிடும் பிழை! 2010இல் கொலோனைச் சேர்ந்த ரேஜிஸும் சகாக்களும் தொடக்கக் கதிரையும் முடிவுக் கதிரையும் இடம்மாற்றி இருமுறை மையம் கண்டு, வித்தியாசத்தை எடுத்தார்கள். நிலையான பிழைகள் கழிந்துபோக, சராசரி ஆயுள் இருமடங்காக எஞ்சும். இத்துறையில் புதிய பளிங்குகளைவிடப் பெரிய முன்னேற்றம் இதுவென்றே கருதுகிறேன்.

பின்னணி இன்னொரு தொல்லை. 3198 நிலையை ஊட்டும் 511 கதிர், பொசித்திரன் அழிவில் எழும் 511உடன் ஒன்றிவிடும். இப்பளிங்கால் பிரிக்க முடியாது. அதே நிலையை ஊட்டும் 277 கதிர் மெலிந்தது, ஆயினும் அதையே நம்பலாம், அடியில் கிடக்கும் கொம்டன் பின்னணியின் நேரத்தையும் தனியே அளந்து திருத்தினால்.

294 பிக்கோ செக்கன் மாணவர் ஆய்வுகூடத்துக்கு எட்டாத இலக்கல்ல. இரண்டு பளிங்குகளும் ஒரு தோரியம்-228 மூலமும் கிடைத்தால் பேராதனை மாணவர் அளக்கலாம். அளக்க வேண்டுமென்று மனதார விரும்புகிறேன். முதலில் கோபாற்று-60ஐ வைத்துப் பூச்சியத்தைப் பார்க்கட்டும். அதன் இடைநிலை ஒரு பிக்கோ செக்கனுக்குள் மறைவது. அடுத்து யூரோப்பியம்-152ஐ வைத்து ஆற்றலோடு பூச்சியம் நகரும் வளைகோட்டை வரையட்டும். தோரியம் மூலத்தை அதன்பிறகு எடுக்கலாம்.