வாயுக் கழுவிகளில் திரவ மட்டம் அளத்தல்: ஒரு வரலாறு

தொழிற்சாலைப் புகையில் கலந்துள்ள நச்சு வாயுக்களை நீராலோ காரக் கரைசலாலோ கழுவி நீக்கும் அமைப்பு வாயுக் கழுவி எனப்படும். ஆலைகளில் பணிபுரிவோர் இதை ஸ்கிரப்பர் என்றே சொல்வர். பெரும்பாலான கழுவிகள் உயரமான கோபுர வடிவில் இருக்கும். வாயு கீழிருந்து மேலே செல்லும். திரவம் மேலிருந்து கீழே தூவப்படும். கழுவி முடித்த திரவம் அடித்தொட்டியில் சேரும். அங்கிருந்து பம்பு அதை மீண்டும் மேலே ஏற்றும்.

அடித்தொட்டியில் திரவம் எவ்வளவு உயரத்திற்கு நிற்கிறது என்பதே இக்கட்டுரை பேசும் திரவ மட்டம். மட்டம் மிகவும் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சித் தடுமாறும், தூவல் நின்றுபோகும், கழுவப்படாத வாயு ஊருக்குள் செல்லும். மட்டம் மிகவும் கூடினால் வாயு நுழையும் குழாய்க்குள் திரவம் புகுந்து வாயுவின் பாதையை அடைக்கும். எனவே மட்டத்தைக் காட்டும் உணரி சரியாக இருப்பது ஆலைக்கு மட்டுமன்றி அதைச் சுற்றி வாழும் மக்களுக்கும் முக்கியம்.

காற்றாலையில் பிறந்த கழுவி

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சோப்பு, கண்ணாடி, துணி ஆகிய தொழில்களுக்குச் சோடா உப்பு பெருமளவில் தேவைப்பட்டது. லெபிளாங்க் முறையில் சாதாரண உப்புடன் கந்தக அமிலத்தைச் சேர்த்து அதைத் தயாரித்தனர். அப்போது வெளியேறிய ஹைட்ரஜன் குளோரைடு வாயு சுற்றுவட்டாரத்து மரங்களையும் பயிர்களையும் கருக்கியது.

1836இல் வில்லியம் காசேஜ் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். கைவிடப்பட்ட பழைய காற்றாலை ஒன்றினுள் முட்செடிகளையும் சுள்ளிகளையும் நிரப்பினார். மேலிருந்து நீரைச் சொட்டவிட்டு, கீழிருந்து அமில வாயுவைச் செலுத்தினார். சுள்ளிகளின் மேல் மெல்லிய படலமாகப் பரவிய நீர் வாயுவைக் கரைத்துக்கொண்டது. இன்றைய நிரப்புக் கோபுரங்களிலும் இதே தத்துவம்தான். சுள்ளிகள் இருந்த இடத்தில் இப்போது பீங்கான் அல்லது பிளாஸ்டிக் வளையங்கள் இருக்கின்றன.

1863இல் பிரித்தானிய நாடாளுமன்றம் காரத் தொழிற்சாலைச் சட்டத்தை இயற்றியது. வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடில் 95 விழுக்காட்டைப் பிடித்தே ஆகவேண்டும் என்றது அச்சட்டம். அதன் முதல் ஆய்வாளரான ராபர்ட் ஆங்கஸ் சுமித் 1872இல் தம் நூலில் அமில மழை என்ற சொல்லைக் கையாண்டவர். அளவுகோல் ஒன்றைச் சட்டத்தில் எழுதிவிட்டால், அதை அளந்து காட்டுவதும் கடமையாகிவிடுகிறது. ஆலைப் புகையை அளவிட்டுக் கண்காணிக்கும் வழக்கம் இங்குதான் வேர்விட்டது.

மட்டம் காசாக இருந்த காலம்

திரவ மட்டம் சரியாக இருப்பதற்கும் பணத்திற்கும் உள்ள தொடர்பை முதலில் உணர்ந்தவர்கள் நிலக்கரி வாயு நிறுவனத்தார். லண்டன் தெருவிளக்குகளுக்கு வாயு வழங்கிய காலத்தில் சாமுவேல் கிளெக் என்ற பொறியாளர் ஈர வாயுமானியை உருவாக்கினார். பாதி நீரில் மூழ்கிய உருளை ஒன்று அதில் சுழலும். உருளையின் அறைகளில் நீருக்கு மேலுள்ள இடத்தை வாயு நிரப்பும். எத்தனை சுற்று என்று எண்ணினால் எவ்வளவு வாயு சென்றது என்று தெரிந்துவிடும்.

ஆனால் நீர் ஆவியாகி மட்டம் தாழ்ந்தால் அறையின் கொள்ளளவு கூடிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் வாயு செல்ல, மானியோ பழைய கணக்கையே காட்டும். நட்டம் நிறுவனத்திற்கு. நீரை அதிகமாக ஊற்றிவிட்டால் நட்டம் வாடிக்கையாளருக்கு. 1859இல் வாயு விற்பனைச் சட்டம் வந்து மானிகளைச் சோதித்து முத்திரையிடும் முறை ஏற்பட்டது. கருவியைச் செய்தால் மட்டும் போதாது, அதை அவ்வப்போது சரிபார்க்கவும் வேண்டும் என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது.

கண்ணாடிக் குழாய் முதல் ரேடார் வரை

நீராவிக் கொதிகலன்களில் மட்டத்தை அறியக் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினர். குழாயின் துளை அடைத்துக்கொண்டால் உள்ளே நிற்கும் பழைய நீர் பொய் சொல்லும். அதனால் பணியாளர் வால்வைத் திறந்து குழாயை ஊதிவிட்டு, நீர் மீண்டும் ஏறுகிறதா என்று பார்ப்பார். மட்ட அளவியின் மிகப் பழைய சரிபார்ப்பு முறைகளில் இதுவும் ஒன்று; கொதிகலன் உள்ள இடங்களில் இன்றும் நடைமுறையில் உள்ளது.

பின்னர் வந்த கருவிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

மிதவை: திரவத்தின் மேல் மிதந்து ஏறி இறங்கும்.

மூழ்கு உருளை: திரவத்தில் பகுதி மூழ்கியபடி தொங்கும் கனமான உருளை. மட்டம் ஏற ஏற மிதப்பு விசை கூடி, உருளையின் எடை குறைந்ததுபோல் தோன்றும். ஆர்க்கிமிடீசின் தத்துவமே இது.

குமிழ்க் குழாய்: திரவத்தினுள் ஒரு குழாயை இறக்கிக் காற்றைச் செலுத்துவர். குமிழ் வெளிவரத் தேவையான அழுத்தம் ஆழத்தைக் காட்டும். அரிக்கும் திரவங்களுக்கு ஏற்றது.

அழுத்த வேறுபாட்டு உணரி: தொட்டியின் அடியிலுள்ள அழுத்தத்தையும் திரவத்திற்கு மேலுள்ள வாயுவின் அழுத்தத்தையும் ஒப்பிடும்.

ரேடார் உணரி: மேலிருந்து நுண்ணலையை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடும். 1970களில் எண்ணெய்க் கப்பல்களின் தொட்டிகளுக்காக வந்து, பிறகு ஆலைகளுக்கும் பரவியது.

கருவி உண்மையில் எதை அளக்கிறது?

கோழிமுட்டை நல்ல நீரில் மூழ்கும், உப்பு நீரில் மிதக்கும். இதைப் பள்ளியில் செய்து பார்க்காத மாணவர் இருக்க மாட்டார். நீரின் உயரம் மாறவில்லை, அடர்த்திதான் மாறியது. மட்ட உணரிகளின் சிக்கல் முழுவதும் இந்தச் சிறு சோதனைக்குள் அடங்கியிருக்கிறது.

மேலே சொன்ன கருவிகளில் பல மட்டத்தை நேரடியாக அளப்பதில்லை. மூழ்கு உருளை மிதப்பு விசையை அளக்கிறது. அழுத்த உணரி அழுத்தத்தை அளக்கிறது. அதை ஓர் அடர்த்தியால் வகுத்து, இவ்வளவு உயரம் என்று சொல்கிறது. அந்த அடர்த்தியை என்றோ ஒருநாள் ஒருவர் கருவியில் பதிவு செய்திருப்பார். திரவம் மாறிய பின்னும் பதிவு மாறாவிட்டால் கருவி பழுதின்றி வேலை செய்துகொண்டே தவறான விடை தரும்.

எடுத்துக்காட்டாக, அடர்த்தி 1.0 என்று பதிவான அழுத்த உணரி ஒன்று அடர்த்தி 1.1 உள்ள குழம்பை அளக்கிறது எனக் கொள்வோம். உண்மை உயரம் 5 மீட்டர் என்றால் கருவி 5.5 மீட்டர் காட்டும். அரை மீட்டர் பிழை.

இன்னொன்றும் உண்டு. விசிறி வாயுவை இழுக்கும் கழுவிகளில் தொட்டிக்குள் வளிமண்டலத்தை விடக் குறைந்த அழுத்தம் இருக்கும். 250 மில்லிமீட்டர் நீருயர அளவிற்கு இழுவை இருந்து, உணரி வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அளந்தால், நீர்மட்டம் 25 சென்டிமீட்டர் குறைவாகத் தெரியும். அதனால்தான் மேலேயும் ஓர் இணைப்புக் குழாய் தேவைப்படுகிறது. அந்தக் குழாயில் நீராவி குளிர்ந்து நீர் தேங்கினால் மீண்டும் பிழை.

சுண்ணாம்புக் குழம்பின் தொல்லை

மின்நிலையப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடைக் கழுவும் முயற்சி 1930களில் பெரிய அளவில் தொடங்கியது. லண்டனின் பேட்டர்சீ மின்நிலையத்தில் தேம்சு ஆற்று நீரும் சுண்ணமும் பயன்பட்டன. கழுவிய நீர் ஆற்றிலேயே விடப்பட்டது. அதே காலத்தில் புல்ஹாம் மின்நிலையத்தில் நீரை ஆற்றில் விடாமல் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும் முறையை முயன்றனர். சுற்றும் திரவத்தில் உருவாகும் கால்சியம் உப்புகள் குழாய்களிலும் பரப்புகளிலும் கல்லாகப் படியும் என்பது இம்முறையின் பெருந்தொல்லை.

இன்றைய சுண்ணாம்புக்கல் கழுவிகளிலும் அந்தத் தொல்லை தொடர்கிறது. குழம்பில் ஜிப்சம் கூடக் கூட அடர்த்தி ஏறும். அடித்தொட்டியில் காற்றை ஊதுவதால் குமிழ்கள் கலந்து அடர்த்தி இறங்கும். நுரை கிளம்பினால் ரேடார் அலையை நுரை விழுங்கிவிடலாம், அல்லது நுரையின் மேற்பரப்பையே திரவம் என்று கருவி எண்ணிக்கொள்ளலாம். உணரியின் சவ்வின் மீது படிவு கட்டினால் அழுத்தம் சரியாக எட்டாது. சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் சரியாக இருக்கும் கருவி, கழுவியில் சில வாரங்களிலேயே பிழை காட்டத் தொடங்கலாம்.

இந்தியாவில் அனல்மின் நிலையங்களுக்கு கந்தக டை ஆக்சைடு வரம்பை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் அறிவித்தது. அதன் பிறகே இவ்வகைக் கழுவிகளின் பெயர் நம் நாட்டில் பரவலாக அடிபடலாயிற்று.

பொய் நம்பப்பட்டது: டெக்சஸ் சிட்டி, 2005

தவறான மட்ட அளவு என்ன செய்யும் என்பதைக் காட்டிய பெரிய விபத்து, வாயுக் கழுவியில் அல்லாமல் எண்ணெய்ச் சுத்திகரிப்புக் கோபுரம் ஒன்றில் நிகழ்ந்தது. கருவியின் தத்துவம் ஒன்றே என்பதால் அதை இங்கே சொல்ல வேண்டும்.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் ஆலையில் ஒரு பிரிப்புக் கோபுரத்தை மீண்டும் இயக்கத் தொடங்கினர். கோபுரத்தின் உயரம் சுமார் 170 அடி. அதன் மட்ட உணரி அடிப்பகுதியின் சில அடிகளை மட்டுமே அளக்கும் மூழ்கு உருளை வகை. உள்ளே திரவம் சென்றுகொண்டே இருந்தது. வெளியேறும் வழி மூடியிருந்தது. உருளை முழுதும் மூழ்கிய பின் அதற்கு மேல் எவ்வளவு திரவம் ஏறினாலும் அதற்குத் தெரியாது. மேலும், திரவம் சூடாகி அடர்த்தி குறையக் குறைய மிதப்பு விசையும் குறைந்தது. மட்டம் இறங்குகிறது என்றே கருவி காட்டியது. கோபுரத்தில் திரவம் சுமார் 158 அடிக்கு ஏறியிருந்தபோது கட்டுப்பாட்டு அறைத் திரையில் 78 விழுக்காடு என்று தெரிந்தது.

உதவிக்கு இருந்த கண்ணாடி அளவி அழுக்கேறிப் பார்க்க முடியாத நிலையில் இருந்தது. தனியாக அமைந்த உயர்மட்ட எச்சரிக்கை ஒலிக்கவில்லை. திரவம் பொங்கி வெளியேறித் தீப்பற்றியது. 15 பேர் இறந்தனர்; 180 பேர் காயமடைந்தனர். உணரியில் 1975ஆம் ஆண்டின் அடர்த்தி மதிப்பே பதிவாகியிருந்தது என்பதை அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை வெளிக்கொணர்ந்தது.

உண்மை நம்பப்படவில்லை: போபால், 1984

சரிபார்க்காத கருவி செய்யும் இரண்டாவது தீங்கு இதற்கு நேர்மாறானது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் மெத்தில் ஐசோசயனேட் தொட்டியில் அழுத்தம் ஏறியது. அழுத்தமானி அதைக் காட்டவும் செய்தது. ஆனால் அங்கிருந்த கருவிகள் முன்பு பலமுறை தவறாகக் காட்டியிருந்ததால், அந்த அளவைப் பணியாளர்கள் உடனே பொருட்படுத்தவில்லை எனப் பின்னர் பதிவாயிற்று. வாயுவை எரிசோடாவால் கழுவும் கழுவி காத்திருப்பு நிலையில் வைக்கப்பட்டிருந்தது. அன்று வெளிப்பட்ட அளவு வாயுவைக் கையாளும் திறனும் அதற்கு இல்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

அந்தப் பேரழிவுக்குக் காரணங்கள் பல. ஓர் அளவியின் மேல் மட்டும் பழி போடுவது பொருந்தாது. எனினும் இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பராமரிக்காத கருவி பொய்யை நம்பவைக்கும். உண்மையைச் சொல்லும் நாளில் யாரும் நம்பாதபடியும் செய்துவிடும்.

சரியாக வைத்திருக்கும் முறைகள்

அனுபவத்தில் நிலைபெற்ற சில நடைமுறைகள் வருமாறு:

1. இரு வேறு உயரங்களில் அழுத்த உணரிகளைப் பொருத்துதல். அவற்றின் இடைவெளி தெரிந்ததே என்பதால், அழுத்த வேறுபாட்டிலிருந்து குழம்பின் அப்போதைய அடர்த்தியைக் கணக்கிட்டு மட்டத்தைத் திருத்தலாம்.

2. வெவ்வேறு தத்துவத்தில் இயங்கும் இரு கருவிகளை வைத்தல். அடர்த்தி மாறினால் அழுத்த உணரி ஏமாறும், ரேடார் ஏமாறாது. நுரை வந்தால் ரேடார் ஏமாறலாம். இரண்டும் முரண்படும்போது ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும்.

3. உணரியின் சவ்வையும் இணைப்புக் குழாய்களையும் குறித்த கால இடைவெளியில் நீர் பாய்ச்சிக் கழுவுதல். கழுவும் நேரத்தில் வரும் அளவைக் கணக்கில் கொள்ளக் கூடாது.

4. தொட்டி காலியாக உள்ளபோது கருவி சுழி காட்டுகிறதா என்றும், தெரிந்த உயரத்திற்கு நீர் நிரப்பி அதே உயரத்தைக் காட்டுகிறதா என்றும் பார்த்தல்.

5. உயர்மட்ட, தாழ்மட்ட எச்சரிக்கைகளைத் தனிக் கருவிகளோடு இணைத்து, அவை உண்மையில் ஒலிக்கின்றனவா என்று சோதித்தல். 2003இல் வெளியான ஐஇசி 61511 என்ற பன்னாட்டுத் தரம் பாதுகாப்புக் கருவிகளுக்கு இத்தகைய காலமுறைச் சோதனையை வலியுறுத்துகிறது.

6. திரவமோ வெப்பநிலையோ செய்முறையோ மாறும்போதெல்லாம் கருவியில் பதிவாகியுள்ள அடர்த்தியை மறுபடி பார்த்தல். என்று, யார், எந்த மதிப்பை மாற்றினார் என்பதை ஏட்டில் எழுதி வைத்தல்.

இவற்றில் செலவு குறைந்தது கடைசி முறை. எளிதில் விட்டுப்போவதும் அதுதான். காசேஜின் காற்றாலையில் மட்ட உணரி இல்லை. அருகில் நின்ற ஆளின் கண்ணே உணரி. இன்று அந்த ஆள் தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து திரையில் ஓர் எண்ணைப் பார்க்கிறார். அந்த எண்ணுக்கும் தொட்டிக்கும் உள்ள உறவு அறுந்துவிடாமல் காப்பதே கருவிப் பராமரிப்பின் வேலை.