முள்ளும் கேள்வியும்: ஹோஷங்காபாத் அறிவியல் கல்வியின் முப்பது ஆண்டுகள்

ஒரு பூவை அதன் உறுப்புகள் தெரியும்படி பிரித்துப் பார்க்க எஃகு ஊசி வேண்டும் என்று பள்ளி ஆய்வகங்களின் கருவிப் பட்டியல்கள் சொல்லும். ஊசி துருப்பிடிக்கும், தொலைந்துபோகும், தொலைந்தால் தலைமையாசிரியருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அந்த அச்சத்தினாலேயே நம் பள்ளிகளில் ஆய்வகக் கருவிகள் பெரும்பாலும் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் எஃகு ஊசியின் இடத்தை வேல மரத்து முள் பிடித்துக்கொண்டது. கூர்மையானது, விலையில்லாதது, தொலைந்தால் வேலியிலிருந்து இன்னொன்றை ஒடித்துக்கொள்ளலாம். பயன்படுத்தி எறிந்த ஊசிமருந்துக் குப்பிகளும் அவ்வாறே ஆய்வகத்துக்குள் நுழைந்தன.

இதைச் சிக்கனம் என்று மட்டும் புரிந்துகொண்டால் அந்த முயற்சியின் வரலாற்றைத் தவறவிட்டுவிடுவோம். இன்று கல்வி குறித்த பேச்சுகளில் இரண்டு சொற்கள் அடிக்கடி அடிபடுகின்றன. ஒன்று 'ஸ்டெம்': அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கோத்த சொல், அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனத்திலிருந்து 2000-ங்களின் தொடக்கத்தில் பரவியது. மற்றொன்று 'டிசைன் திங்கிங்' என்னும் வடிவமைப்புச் சிந்தனை: பயன்படுத்தப்போகிறவரைக் கூர்ந்து கவனித்து, அவருடைய சிக்கல் எது என்று வரையறுத்து, ஒரு மாதிரியைச் செய்துபார்த்து, பிழை கண்டு, திரும்பவும் செய்வது. இந்திய அரசு 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் இவ்விரு சொற்களையும் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தன. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி. முப்பரிமாண அச்சுப்பொறி, மின்னணுச் சாதனங்கள் எல்லாம் உண்டு. ஆனால் இச்சொற்கள் இங்கே வந்துசேர்வதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, அவை குறிக்கும் செயலை நம் நாட்டின் அரசுப் பள்ளிகளில் செய்துகாட்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் எதில் வென்றார்கள், எங்கே தோற்றார்கள் என்பது இன்றைக்கும் பயன்படக்கூடிய பாடம்.

* * *

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உயிர்வேதியியல் ஆய்வாளராக இருந்த அனில் சத்கோபால், அமெரிக்காவின் கால்டெக்கில் முனைவர் பட்டம் பெற்றவர். 1970-களின் தொடக்கத்தில் அப்பணியை விட்டு ஹோஷங்காபாத் மாவட்டத்தின் பன்கேடி வட்டாரத்துக்குச் சென்று 'கிஷோர் பாரதி' என்ற அமைப்பை நிறுவினார். ஹோஷங்காபாத் நகரை அடுத்த ரசூலியாவில் குவேக்கர் கிறித்தவர்கள் நிறுவிய 'ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர்' ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. இவ்விரு அமைப்புகளும் சேர்ந்து மாநில அரசிடம் அனுமதி பெற்று 1972-இல் 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியலைப் புதிய முறையில் கற்பிக்கத் தொடங்கின. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களும் டாடா நிறுவனத்தின் அறிவியலாளர்களும் உடன் வந்தார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல பள்ளி ஒன்றைத் தாமே கட்டி நடத்திக் காட்டுவது எளிது. நம் நாட்டில் அதற்கு முன்மாதிரிகள் உண்டு. இவர்கள் அதைச் செய்யவில்லை. அரசுப் பள்ளி, அரசு ஆசிரியர், ஒழுகும் கூரை, மின்சாரம் இல்லாத வகுப்பறை, முதல் தலைமுறையாக எழுத்தறியும் பிள்ளைகள் என்று உள்ளதை உள்ளபடியே ஏற்றுக்கொண்டு அதற்குள் என்ன முடியும் என்று பார்த்தார்கள். வேல முள் அந்தப் பார்வையிலிருந்து வந்தது.

பாடநூலைத்தான் முதலில் மாற்ற வேண்டியிருந்தது. 'பால் வைஞானிக்' (சிறார் விஞ்ஞானி) என்ற பெயரில் வந்த நூல்கள் பாடநூல்கள் அல்ல, பயிற்சி நூல்கள். அவற்றில் சோதனைகள் உண்டு, கேள்விகள் உண்டு, விடைகள் இல்லை. நான்கு நான்கு பேராகப் பிள்ளைகள் குழுவாக அமர்ந்து சோதனை செய்வார்கள். கண்டதைத் தம் குறிப்பேட்டில் எழுதுவார்கள். பின்னர் வகுப்பு முழுவதும் கூடி விவாதிக்கும். விடை அந்த விவாதத்தில் உருவாகும்.

ஓர் எடுத்துக்காட்டு. அளவையில் ஏற்படும் ஏற்றத்தாழ்வையும் தோராயத்தையும் பற்றித் தனி அதிகாரமே அந்நூலில் உண்டு. ஒரே மேசையின் நீளத்தை ஐந்து குழுக்கள் அளந்தால் ஐந்து விடைகள் வரும். நமக்குப் பழக்கமான வகுப்பறையில் ஆசிரியர் சரியான விடையைக் கரும்பலகையில் எழுதுவார். மற்ற நான்கு குழுக்களும் அழித்துத் திருத்திக்கொள்ளும். அன்றைக்கே அந்தப் பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: கண்ணால் கண்டதைவிடக் கரும்பலகை மெய்யானது. ஹோஷங்காபாத்தில் அந்த ஐந்து விடைகளும் பாடமாயின. ஏன் வேறுபட்டன, எவ்வளவு வேறுபடலாம், சராசரி என்றால் என்ன என்று போகும்போது கணிதம் தானாக வந்து அறிவியலோடு சேர்ந்துகொண்டது. தற்செயலும் நிகழ்தகவும் பற்றிய அதிகாரமும் அவ்வாறே.

* * *

ஆனால் நூலை மட்டும் மாற்றிப் பயனில்லை. பாடத்தைச் செய்துபார்க்கச் சொல்லிவிட்டுத் தேர்வில் மனப்பாடத்தைக் கேட்டால், ஆசிரியரும் மாணவரும் இரண்டே மாதங்களில் மனப்பாடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தேர்வுதான் உண்மையான பாடத்திட்டம். இதை இத்திட்டத்தினர் தெளிவாக உணர்ந்திருந்தார்கள். ஆகவே தேர்வை மாற்றும் உரிமையையும் அரசிடம் பெற்றார்கள். எட்டாம் வகுப்பின் அறிவியல் தேர்வுக்குப் பிள்ளைகள் புத்தகத்தையும் தங்கள் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துச் செல்லலாம். எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. மூன்றாண்டுகளாகத் தான் எழுதிய குறிப்பேடே தேர்வுக்கூடத்தில் துணையாகும் என்றால், அந்தக் குறிப்பேட்டுக்கு வகுப்பறையில் கிடைக்கும் மதிப்பே வேறு.

மூன்றாவது இழை ஆசிரியர். ஒவ்வொரு ஆசிரியரும் மூன்று கோடை விடுமுறைகளில் ஏறத்தாழ மூன்று வாரப் பயிற்சி பெற்றார். அதில் அவர் சொற்பொழிவு கேட்கவில்லை; மாணவரைப்போல் தரையில் அமர்ந்து அதே சோதனைகளைச் செய்தார். பள்ளி நடக்கும் மாதங்களில் வட்டார மையத்தில் மாதக் கூட்டம் நடந்தது. நம் ஊரின் குறுவள மையக் கூட்டம் போன்றது. ஆனால் சுற்றறிக்கை வாசிப்பதற்காக அல்ல, எந்தச் சோதனை எந்த ஊரில் சரிவரவில்லை என்று பேசுவதற்காக. அந்தப் பேச்சுதான் நூலின் அடுத்த பதிப்பைத் திருத்தியது. சில ஆண்டுகளில் அந்த ஆசிரியர்களிலிருந்தே கருத்தாளர்கள் உருவானார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் விளக்கத்தைக் கிராமத்து நடுநிலைப் பள்ளி ஆசிரியர் எழுந்து மறுக்கலாம் என்ற நிலை வந்தது. நம் கல்விச் சூழலில் இது சிறிய காரியமல்ல.

நான்காவது இழை கருவிப்பெட்டி. பூட்டி வைப்பதற்கன்று, உடைந்தால் அங்கேயே செப்பனிடுவதற்கென்று வடிவமைத்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்து லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அரவிந்த் குப்தா, 1978-இல் விடுப்பெடுத்துக்கொண்டு இங்கே வந்தார். உள்ளூர்ச் சந்தையில் கிடைத்த மிதிவண்டி வால்வுக் குழாயையும் தீக்குச்சிகளையும் இணைத்து முக்கோணம், சதுரம், கனசதுரம் என்று வடிவங்கள் செய்தார். முக்கோணச் சட்டம் அசையாது, சதுரச் சட்டம் நெளியும் என்று விரலால் அழுத்தி அறியும் குழந்தைக்கு வடிவியலும் பொறியியலும் வெவ்வேறு பாடங்கள் அல்ல. அவருடைய நூல்கள் பின்னர் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளுக்குச் சென்றன. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஐந்தாவதாக ஒரு கற்பனை மனிதர்: சவாலிராம். சவால் என்றால் இந்தியில் கேள்வி. பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றும் எந்தக் கேள்வியையும் அவருக்கு அஞ்சலில் எழுதலாம்; பதில் வரும். விடைகளைத் தராத ஒரு பாடத்திட்டம், கேள்விகளுக்கு ஒரு முகவரியைத் தந்தது.

நூல், தேர்வு, ஆசிரியர், கருவி, கேள்வி. இவை ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஒன்றை உருவினால் மற்றவை சரியும். ஒருங்கிணைந்த பாடத்திட்டம் என்பதன் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன். நான்கு பாடங்களின் பெயர்களை ஒரே சொல்லில் அடுக்குவது அல்ல.

* * *

1978-இல் திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதை நடத்தவும் பிற பாடங்களுக்குக் கொண்டுசெல்லவும் 1982-இல் 'ஏகலவ்யா' அமைப்பு தோன்றியது. டெல்லியில் இயற்பியல் ஆசிரியர் பணியை விட்டு வந்து அதில் இணைந்தவர்களுள் ஒருவர் வினோத் ரைனா. பின்னாளில் கல்வி உரிமைச் சட்டத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றவர். 1985-இல் 'சக்மக்' என்ற சிறார் இதழ் வந்தது. சமூக அறிவியலுக்கும் தொடக்கக் கல்விக்கும் தனித்தனித் திட்டங்கள் பிறந்தன. நூற்றாண்டின் இறுதியில் அறிவியல் திட்டம் 15 மாவட்டங்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பிள்ளைகளை எட்டியிருந்தது.

2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது. இத்திட்டத்தில் படித்த பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வில் பின்தங்குகிறார்கள் என்று உள்ளூர் அரசியலாளர்கள் குற்றஞ்சாட்டினார்கள். ஏகலவ்யா புள்ளிவிவரங்களோடு மறுத்தது. நாட்டின் அறிவியலாளர்களும் கல்வியாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பயனில்லை. மாநிலம் முழுவதற்கும் உரிய பாடநூலே இனி இப்பள்ளிகளுக்கும் என்றாயிற்று. சமூக அறிவியல் திட்டமும் தொடக்கக் கல்வித் திட்டமும் அதே ஆண்டில் நின்றன. குருவின் சொல்லுக்குக் கட்டைவிரலை இழந்த ஏகலைவனின் பெயரை இவ்வமைப்புக்குச் சூட்டியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அரசை மட்டும் குறைகூறி முடித்துவிடலாம். ஆனால் வரலாற்றைப் படிப்பவர் அதோடு நிற்கக் கூடாது. ஆறு முதல் எட்டு வரை எல்லா இழைகளையும் பிணைத்தவர்களின் கைக்கு எட்டாத இடம் ஒன்றிருந்தது: ஒன்பதாம் வகுப்பு. மூன்றாண்டுகள் கேள்வி கேட்டு வளர்ந்த பிள்ளை அங்கே போனதும் பழைய பாடநூலையும் பழைய தேர்வையும் சந்தித்தது. அணு, மூலக்கூறு போன்ற கண்ணுக்குத் தெரியாத கருத்துகளை நடுநிலை வகுப்புகளில் தவிர்த்திருந்தார்கள். தவிர்த்ததற்குக் கல்வியியல் நியாயம் உண்டு. ஆயினும் அடுத்த வகுப்பு அவற்றைத் தெரிந்ததாகவே எடுத்துக்கொண்டது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையே தன் பிள்ளையின் ஒரே படிக்கட்டாகக் காணும் ஏழைத் தந்தையின் அச்சம் அறியாமையன்று. வடிவமைப்பாளர்கள் குழந்தையைக் கூர்ந்து கவனித்தார்கள், ஆசிரியரைக் கவனித்தார்கள். வாசலுக்கு வெளியே நின்ற பெற்றோருக்கு அந்த அளவு கவனம் கிடைத்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. மூடும் ஆணை வந்தபோது, அதைத் தடுக்கும் அளவுக்கு ஊர் திரளவில்லை.

தமிழ் இலக்கியம் கற்பிப்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கல்லூரிக்கு வரும் மாணவரிடம் ஒரு செய்யுளைக் கொடுத்து உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டால், "உரையில் என்ன போட்டிருக்கிறது ஐயா?" என்று திருப்பிக் கேட்கிறார். ஐந்து விடைகளில் நான்கை அழிக்கக் கற்றுக்கொண்ட அதே பிள்ளைதான் அவர். அறிவியல் வகுப்பில் பறிபோனது தமிழ் வகுப்பில் திரும்பக் கிடைக்காது.

ஹோஷங்காபாத் 2022-இல் நர்மதாபுரம் என்று பெயர் மாறிவிட்டது. ஆனால் அந்த முப்பதாண்டு அனுபவம் முற்றாக வீணாகவில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவில் அதன் தாக்கம் உண்டு. இன்று ஒரு பள்ளியில் புதிய ஆய்வகத்தைத் திறந்துவைக்க அழைக்கப்படுகிறவர்கள் அச்சுப்பொறியின் விலையைக் கேட்பதற்கு முன் இரண்டைக் கேட்கலாம். இந்தப் பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வில் என்ன மாறியிருக்கிறது? இவர்கள் அடுத்த வகுப்புக்குப் போகும்போது அங்கே என்ன காத்திருக்கிறது?