முனகும் பூசணி: பிக்கப் டிரக்கின் பின் அச்சுச் சத்தத்துக்கு ஒரு வரலாறு

மோட்டார் வாகனத்தின் வரலாறு என்றால் அது பெரும்பாலும் எஞ்சினின் வரலாறாகத்தான் எழுதப்படுகிறது. வண்டிக்கு அடியில், சேறும் கிரீஸும் படிந்து உப்பிக்கொண்டிருக்கும் பின் அச்சின் நடுப்பகுதியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'பம்ப்கின்', அதாவது பூசணி. அந்தப் பூசணிக்குள் இருப்பதுதான் டிஃபரன்ஷியல். அது சத்தம் போடும் வரை அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது!

பின்னால் திறந்த பெட்டி வைத்த பிக்கப் டிரக் ஒன்று நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பின்னாலிருந்து ஊளை போல ஒரு சத்தம் கிளம்புகிறது. ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. இதைக் கேட்டு ஒருவர் டயரை மாற்றச் சொல்வார், இன்னொருவர் மொத்த அச்சையே மாற்றச் சொல்வார். இரண்டுமே வீண் செலவாக முடியலாம். அந்தச் சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. அது எப்படி என்று புரிய வேண்டுமானால் சுமார் இருநூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

வளைவில் பிறந்த சிக்கல்

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தை விட அதிக தூரம் ஓட வேண்டும். மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் இது ஒரு பிரச்சினையே இல்லை. இழுப்பது விலங்கு, சக்கரங்கள் தம் போக்கில் தனித்தனியாகச் சுற்றும். சக்கரத்தையே எஞ்சின் சுழற்ற ஆரம்பித்த பிறகுதான் சிக்கல் வந்தது. இரண்டு சக்கரங்களையும் ஒரே கம்பியில் இறுக்கிப் பூட்டினால், வளைவில் ஏதாவது ஒரு சக்கரம் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் போகும்.

இதற்குப் பிரான்சில் விடை கண்டவர் ஓனெசிஃபோர் பெக்கர் என்ற கடிகாரத் தொழிலாளி. நீராவி வண்டிக்காக 1820களின் இறுதியில் அவர் டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை பெற்றார். 1832ல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இதே போன்ற ஓர் அமைப்பை உருவாக்கினார். 1877 வாக்கில் கோவன்ட்ரி நகரின் ஜேம்ஸ் ஸ்டார்லி அதை மிதிவண்டிக்குக் கொண்டு வந்தார். அவரும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதித்துப் போனபோது, மகனின் கால் பலம் அதிகமாக இருந்ததால் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் முட்புதரில் விழுந்ததாகவும், அங்கேதான் அவருக்கு யோசனை பிறந்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். 1885ல் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியிலும் டிஃபரன்ஷியல் இருந்தது.

அதன் அமைப்பு எளிமையானது. எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்டின் முனையில் இருக்கும் சிறிய பல்சக்கரம் 'பினியன்'. அது சுழற்றும் பெரிய பல்சக்கரம் 'கிரவுன் வீல்'. கிரவுன் வீலோடு சேர்ந்து ஒரு கூடு சுற்றும். கூட்டுக்குள் சிறிய பல்சக்கரங்கள் சில இருக்கும். வண்டி நேராகப் போகும்போது இந்தச் சிறியவை கூட்டோடு சேர்ந்து வெறுமனே சுற்றி வரும், தம் அச்சில் சுழலாது. திரும்பும்போது மட்டும்தான் அவை தாமாகச் சுழன்று ஒரு சக்கரத்தை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் ஓட விடும்.

நோய் கண்டுபிடிப்பதில் முதல் விதி இங்கேயே கிடைத்துவிடுகிறது. திரும்பும்போது மட்டும் சத்தம் வந்தால் கூட்டுக்குள் இருக்கும் சிறிய பற்களைச் சந்தேகிக்க வேண்டும். நேராகப் போகும்போதே வந்தால் கிரவுன் வீல், பினியன், அவற்றின் பேரிங்குகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சத்தம் சகஜமாக இருந்த காலம்

முதல் மோட்டார் வண்டிகள் பலவற்றில் சக்கரத்தைச் சுழற்றியது சங்கிலிதான். கடகடவென்ற சத்தம் வண்டியோடு பிறந்தது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 1898ல் லூயி ரெனோ சங்கிலியை நீக்கிவிட்டு, ஷாஃப்ட் மூலமாகப் பின் அச்சைச் சுழற்றும் வண்டியை உருவாக்கினார். நீளவாக்கில் சுற்றும் ஷாஃப்டின் ஓட்டத்தைக் குறுக்கே கிடக்கும் அச்சுக்குத் திருப்ப வேண்டும். அதற்குக் கூம்பு வடிவப் பல்சக்கரங்கள் தேவைப்பட்டன.

இத்தகைய பற்களைத் துல்லியமாக வெட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் பட்டறை வைத்திருந்த வில்லியம் கிளீசன் 1874ல் அதற்கென்று ஓர் இயந்திரம் செய்தார். அந்த இயந்திரங்களை ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் கொண்டு போய் விற்றவர் அவர் மகள் கேட் கிளீசன். பெண்கள் பட்டறைப் பக்கமே வராத காலத்தில், 1884ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்தவர் அவர். 1914ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முழு உறுப்பினரான முதல் பெண்ணும் அவரே.

ஆனால் நேர்ப் பற்களில் ஒரு குறை இருந்தது. ஒரு பல் விட்டு அடுத்த பல் முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் 'டக்' என்று பிடிக்கும். நொடிக்குப் பல நூறு 'டக்'குகள் சேர்ந்தால் அது ஊளையாகிவிடும். 1913ல் கிளீசன் நிறுவனம் வளைந்த பற்களை வெட்டும் இயந்திரத்தைக் கொண்டு வந்தது. வளைந்த பல் ஒரு முனையில் தொட்டு மெல்ல மெல்ல மறு முனை வரை உருண்டு போகும். ஒரு பல் விடுவதற்குள் அடுத்த பல் பிடித்துக்கொள்ளும். பேக்கார்டு என்ற சொகுசுக் கார் நிறுவனம் அதை உடனே எடுத்துக்கொண்டது. அமைதி என்பது பணக்காரர்களின் வண்டிக்கு முதலில் வந்தது!

மாடல் டி சொன்ன எச்சரிக்கை

சாமானியரின் வண்டி வேறு. 1908ல் வந்த ஃபோர்டு மாடல் டியின் பின் அச்சில் நேர்ப் பற்கள்தான். 1925ல் ஃபோர்டு நிறுவனமே பெட்டி பொருத்தி விற்ற பிக்கப்பும் இந்த அச்சின் மேல்தான் ஓடியது. விலை 281 டாலர்.

அந்த அச்சுக்குள் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்க 'பேபிட்' என்ற மென்மையான உலோகக் கலவையில் செய்த வளையங்கள் இருந்தன. நாளாக நாளாக அவை நொறுங்கித் தூளாகிவிடும். அப்போது கிரவுன் வீல் பினியனை விட்டு விலகத் தொடங்கும். இதில் என்ன ஆபத்து? மாடல் டியின் பிரேக் பெடல் பின் சக்கரங்களை நேராகப் பிடிப்பதில்லை. அது கியர் பெட்டிக்குள் வேலை செய்து, ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்தை நிறுத்தும். பற்கள் விலகிவிட்டால் வண்டியை இழுக்கவும் முடியாது, பெடலை மிதித்து நிறுத்தவும் முடியாது! மிச்சம் இருப்பது கை பிரேக் ஒன்றுதான். இறக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் மாடல் டி வைத்திருக்கும் ஆர்வலர்கள் அந்த வளையங்களை வெண்கலத்துக்கு மாற்றிவிடுகிறார்கள்.

இந்தக் குறைக்கு நிரந்தர விடையாக அமைந்தது ஹென்றி டிம்கன் 1898ல் காப்புரிமை பெற்ற கூம்பு உருளை பேரிங். மேலிருந்து வரும் பாரத்தையும் பக்கவாட்டு அழுத்தத்தையும் அது சேர்த்தே தாங்கும். எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதையும் சரி செய்துகொள்ளலாம். இன்று பின் அச்சைச் செப்பனிடும் வேலையில் பாதி இந்த இறுக்கத்தைச் சரியாக வைப்பதுதான்.

அமைதிக்குக் கொடுத்த விலை

1926ல் மறுபடியும் பேக்கார்டு கார்களில்தான் அடுத்த மாற்றம் வந்தது. கிளீசன் நிறுவனத்தில் உருவான 'ஹைபாய்டு' பற்களில் பினியன், கிரவுன் வீலின் நடுமட்டத்துக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும். இதனால் ஷாஃப்டும் தாழ்ந்தது, வண்டியின் தளமும் தாழ்ந்தது. பினியன் பெரிதாகி, பற்கள் நீண்ட நேரம் ஒன்றையொன்று பிடித்திருந்தன. சத்தம் வெகுவாகக் குறைந்தது. பின்னாளில் கார்களுக்கும் பிக்கப்புகளுக்கும் இதுவே வழக்கமாகிவிட்டது.

ஆனால் ஹைபாய்டு பற்கள் உருள்வதோடு நிற்பதில்லை, ஒன்றின் மேல் ஒன்று பலமாகச் சறுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். உலோகம் உலோகத்தோடு ஒட்டிப் பிய்ந்து வரும். எனவே கந்தகம், குளோரின், ஈயம் முதலியவை கலந்த தனி எண்ணெய்கள் வந்தன. பிறகு கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த கலவைகள் நிலைத்தன. 'ஜி.எல்-5' என்று டப்பாவில் எழுதியிருப்பது இந்தத் தரத்தைத்தான். திமிங்கில எண்ணெய் கூட இந்த வகை எண்ணெய்களில் சேர்க்கப்பட்டு வந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சட்டம் திமிங்கிலங்களைக் காப்பாற்ற முன்வந்த பிறகுதான் மாற்று தேட வேண்டியதாயிற்று!

பற்களை அமைதியாக்கிய அதே கண்டுபிடிப்பு, சத்தத்தின் காரணத்தை வேறு இடத்துக்கு மாற்றி வைத்தது. முன்பு சத்தம் பல்லின் வடிவத்தில் இருந்தது. இப்போது அது எண்ணெயிலும் பேரிங்கிலும் பற்களைப் பொருத்தும் விதத்திலும் வந்து உட்கார்ந்தது.

1956ல் ஸ்டூட்பேக்கர்-பேக்கார்டு நிறுவனம் சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவதைத் தடுக்கும் டிஃபரன்ஷியலை அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டு செவர்லேயும் அதைத் தந்தது. அதற்குள் உராய்வுத் தட்டுகள் இருக்கும். அதோடு புதிதாக ஒரு சத்தமும் பிறந்தது. மெதுவாகத் திரும்பும்போது தட்டுகள் பிடித்துப் பிடித்து விட்டு 'கடகட' என்று அதிரும்.

காதால் படிக்கும் பாடம்

அமெரிக்கப் பட்டறைகளின் கையேடுகள் சோதனை ஓட்டத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றன. வேகம் கூட்டுவது, ஒரே வேகத்தில் இழுப்பது, காலை முழுதாக எடுத்து ஓட விடுவது, வேகம் கூடாமலும் குறையாமலும் மிக லேசாக மிதித்து மிதக்க விடுவது. பல்லின் ஒரு முகம் இழுக்கும்போது வேலை செய்கிறது, மறு முகம் வண்டி எஞ்சினைத் தள்ளும்போது வேலை செய்கிறது. ஆகவே மிதியை மாற்றினால் சத்தமும் மாறுகிறது என்றால் கிரவுன், பினியன் பற்கள் மேல் சந்தேகம் விழும்.

மிதியை மாற்றினாலும் பெரிதாக மாறாத உறுமல் பேரிங்கின் அடையாளம். அதிலும் 41 பல் கிரவுனும் 11 பல் பினியனும் உள்ள அச்சில், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பினியன் மூன்றே முக்கால் சுற்று சுற்றிவிடும். எனவே பினியன் பேரிங்கின் ஒலி வேகமாகவும் உயர்ந்தும் இருக்கும், கூட்டின் பேரிங் ஒலி தாழ்ந்து இருக்கும். ஓடும்போது லேசாக இடம் வலமாக வளைத்தால் மாறும் ஒலி சக்கர பேரிங்கினுடையது. சாலையின் தளம் மாறினால் மாறும் ஒலி டயருடையது. கியர் போட்டதும் 'டங்' என்று ஒரே ஒரு இடி கேட்டால் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயிண்டை முதலில் பார்ப்பது நல்லது. தட்டு வைத்த டிஃபரன்ஷியலில் திரும்பும்போது வரும் அதிர்வுக்குப் பழைய எண்ணெயை வடித்து, உரிய சேர்மானத்தோடு புதிய எண்ணெய் ஊற்றி, காலியான இடத்தில் எட்டு போடுவது போல் வண்டியைச் சுற்றினாலே பல நேரம் சரியாகிவிடும்.

மூடியைத் திறந்த பிறகு

இத்தனைக்குப் பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும். முதலில் வடித்த எண்ணெயைப் பார்க்க வேண்டும். மினுமினுக்கும் பொடி இருந்தால் தேய்மானம், சில்லுகள் இருந்தால் உடைசல். அடுத்து, பினியனை அசையாமல் வைத்து கிரவுனை ஆட்டி, பற்களுக்கு இடையே உள்ள இடைவெளியை டயல் கேஜால் அளக்க வேண்டும். பல பிக்கப் அச்சுகளில் அது 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரைதான். பிறகு பற்களில் வண்ணச் சாந்து பூசிச் சுழற்றினால், எங்கே பல்லோடு பல் தொடுகிறது என்பது தடமாகத் தெரியும். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். அடியிலோ நுனியிலோ விழுந்தால் பினியனின் ஆழம் தப்பு. மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ அதைச் சரி செய்வார்கள்.

இங்கே நடக்கும் தவறுகள் விலை உயர்ந்தவை. கிரவுனும் பினியனும் ஆலையிலேயே சேர்த்துத் தேய்த்து இணைக்கப்பட்ட ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளை நிச்சயம். பினியன் நட்டை இறுக்கும்போது நசுங்கும் குழல் ஒன்று பல அச்சுகளில் உண்டு. கொஞ்சம் அதிகமாக இறுக்கிவிட்டால் தளர்த்தி ஒப்பேற்ற முடியாது, புதுக் குழல்தான் போட வேண்டும். பேரிங் மட்டும் கெட்டிருந்த இடத்தில் பற்களையும் மாற்றித் தப்பாகப் பொருத்தினால், செலவும் ஆகி, சத்தமும் கூடிவிடும்.

சத்தம்தானே என்று விட்டுவிடலாமா? தளர்ந்த பினியன் பேரிங் பினியனை ஆட விடும், ஆடும் பினியன் பற்களை உடைக்கும், உடைந்த துண்டு பற்களுக்கு நடுவே சிக்கினால் ஓடும் வண்டியின் பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். பாரம் ஏற்றிய டிரக்கில் இது உயிர் போகும் விஷயம்.

மாடல் டி காலத்தில் எல்லாமே இரைந்ததால் எது எச்சரிக்கை என்று பிரித்துக் கேட்பதே கடினமாக இருந்தது. பெக்கர் முதல் கிளீசன் வரை பலர் சேர்ந்து அந்தப் பூசணியை அமைதியாக்கினார்கள். அந்த அமைதியால் கிடைத்த பெரிய லாபம் சொகுசு அல்ல. ஒரு சின்ன முனகல் கூட இப்போது தனியாகக் காதில் விழுகிறது என்பதுதான்!