விருதுக்குப் பின் சக்தியைக் கேட்பது

2024 பிப்ரவரியில் சக்தி குழுவின் 'திஸ் மொமெண்ட்' தொகுப்புக்குக் கிராமி விருது கிடைத்தபோது, தமிழில் அது பெரும்பாலும் நம்மவர் வென்ற செய்தியாகவே வாசிக்கப்பட்டது. சங்கர் மகாதேவன், கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷ், வயலின் கணேஷ் ராஜகோபாலன் ஆகியோரின் பெயர்கள் வந்தன. இசை எப்படி இருந்தது என்ற பேச்சு அரிதாகவே எழுந்தது. இக்குழுவின் தொகுப்புகள் வரவேற்கப்பட்ட வரலாற்றைப் பார்த்தால் இது புதிதன்று என்பது விளங்கும்.

மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற மின் ராக் குழுவால் புகழின் உச்சியில் இருந்த ஜான் மெக்லாஃப்லின், எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். அவர் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சேர்ந்து மின்னிணைப்பற்ற கிடாரை எடுத்தபோது ராக் ரசிகர்களில் பலர் விலகினர். மூன்றே உருப்படிகள் கொண்ட முதல் தொகுப்பு 1976இல் வெளிவந்தது. 1977இன் 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' சிறிய உருப்படிகளுடன் வந்தும் பழைய விற்பனை திரும்பவில்லை. மேற்கில் அது ராக் அன்று. இங்கோ அது கச்சேரி அன்று. இரண்டு அளவுகோல்களுக்கும் இடையில் அந்த இசை அனாதையாக நின்றது.

அளவுகோல் நம்மிடமே இருந்தது என்பதுதான் வேடிக்கை. காங்கேயம் பக்கத்து மாரியம்மன் நோன்பில் கம்பத்தைச் சுற்றி ஆடுகிறவர்களுக்குத் தாளம் பக்கவாத்தியம் அன்று, அதுவே பாட்டு. சக்தி செய்ததும் ஏறத்தாழ அதுதான். கடமும் தபலாவும் அங்கே மெல்லிசைக்கு முட்டுக்கொடுக்கவில்லை, சமமாக நின்று உரையாடின.

2023 ஜூனில் வந்த 'திஸ் மொமெண்ட்', 46 ஆண்டுகளுக்குப் பின் சக்தியின் பெயரில் வெளியான ஸ்டூடியோ தொகுப்பு. பெருந்தொற்றுக் காலத்தில் கலைஞர்கள் அவரவர் ஊரிலிருந்து பதிவுசெய்து இணைத்தது. மெக்லாஃப்லினின் கிடாரில் இப்போது சின்தசைசர் ஒலியும் உண்டு. முதல் உருப்படியான 'ஸ்ரீனிஸ் டிரீம்', 2014இல் மறைந்த மாண்டலின் யூ. ஸ்ரீனிவாசின் நினைவைச் சுமக்கிறது.

'கிரிராஜ் சுதா'வை எடுத்துக்கொள்வோம். தியாகராஜரின் கீர்த்தனையை அடியொற்றிய இவ்வுருப்படி, 2001இல் வெளியான 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' என்ற மேடைப் பதிவிலும் இருக்கிறது. அங்கே ஸ்ரீனிவாசின் மாண்டலின் ஒரு சங்கதியைத் தொடங்கும்போது, அது எங்கே போய் முடியும் என்று உடனிருப்பவர்களும் காத்திருப்பதை நாம் கேட்க முடிகிறது. 2023இன் பதிவு மெருகானது, பிசிறற்றது. ஆனால் அந்தக் காத்திருப்பு அதில் குறைவு. தனித்தனியே பதிவுசெய்வதற்குக் கொடுத்த விலை அது என்றே நினைக்கிறேன். அதே வேளையில் கொன்னக்கோல் இத்தொகுப்பில் பாடலுக்கு நிகரான குரலாகவே ஒலிக்கிறது. 

இப்படிச் சொல்வது விருதைக் குறைப்பதாகாது. 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்துவிட்டார். இனி இக்கூட்டணியின் மேடை நமக்கு வாய்க்காது. எஞ்சியிருப்பவை பதிவுகள் மட்டுமே. அவற்றை அஞ்சலிக்கும் பெருமிதத்துக்கும் விட்டுவிட்டால் அவை அலமாரிப் பொருளாகிவிடும். எது உயிரோடிருக்கிறது, எது வெறும் மெருகு என்று பிரித்துக் கேட்பதே அக்கலைஞர்களுக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.