இளையராஜாவின் முன்னுரை: 2022-இல் ஒரு புகழ்நூல் கிளப்பிய வாதம்

'அம்பேத்கரும் மோடியும்' என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்ட ஆங்கில நூல் ஒன்று 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் பெரும் வாதத்தை உண்டாக்கியது. சீர்திருத்தவாதியின் சிந்தனைகளைச் செயல்வீரர் நடைமுறைப்படுத்துகிறார் என்பது அதன் துணைத் தலைப்பின் கருத்து. பிரதமர் நரேந்திர மோடியின் ஆட்சித் திட்டங்களை அண்ணல் அம்பேத்கரின் எண்ணங்களோடு பொருத்திக் காட்டுவதே நூலின் நோக்கம். இதனைத் தொகுத்து வெளியிட்டது புளூகிராஃப்ட் டிஜிட்டல் ஃபவுண்டேஷன் என்னும் நிறுவனம். முன்னுரை எழுதியவர் இசையமைப்பாளர் இளையராஜா.

ஆட்சியில் இருப்பவரைப் புகழும் நூல்கள் இந்தியாவில் புதியவை அல்ல. இந்தப் பழக்கம் ஏதேனும் ஒரு கட்சிக்கு மட்டும் உரியதும் அன்று. தமிழ்நாட்டில் எந்த முதலமைச்சர் பதவியில் இருந்தாலும் அவரைப் பற்றிய பாராட்டு நூல்களும் கவியரங்கத் தொகுப்புகளும் வந்துகொண்டேதான் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை விழா மேடையில் வெளியாகி, நூலக அடுக்கில் அடங்கிவிடும். யாரும் சண்டை போடுவதில்லை. அம்பேத்கர்–மோடி நூலும் முன்னுரை இல்லாமல் வந்திருந்தால் தில்லியிலேயே தங்கியிருக்கும். தமிழ்நாட்டுக்கு அதனைக் கொண்டுவந்து சேர்த்தது இளையராஜாவின் கையெழுத்துதான்.

முன்னுரை சொன்னது என்ன?

முன்னுரையின் சாரம் இது. அம்பேத்கர், மோடி இருவருமே சமூகத்தில் பின்தள்ளப்பட்ட பிரிவுகளிலிருந்து வந்து தடைகளைத் தாண்டியவர்கள். வறுமையையும் அடக்கும் சமூக அமைப்பையும் அருகிலிருந்து கண்டவர்கள். இந்தியாவைப் பற்றிப் பெரிய கனவு கண்டவர்கள். வெறும் சிந்தனையோடு நின்றுவிடாமல் செயலில் நம்பிக்கை வைத்தவர்கள். தொழில் வளர்ச்சி, உள்கட்டமைப்பு, முத்தலாக் தடைச் சட்டம், பெண் குழந்தைகளைக் காக்கும் திட்டம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பெண்கள் வாழ்வில் நேர்ந்த மாற்றத்தைக் கண்டு அம்பேத்கரே பெருமைப்பட்டிருப்பார் என்ற கருத்தையும் அதில் எழுதியிருந்தார்.

அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14-ஐ ஒட்டி இச்செய்தி வந்தது. நூல் ஆங்கிலத்தில் இருந்ததால், தமிழ் வாசகர்களில் மிகப் பலர் படித்தது முன்னுரையிலிருந்து நாளிதழ்கள் எடுத்துப் போட்ட சில வாக்கியங்களை மட்டுமே. நூலின் உள்ளே அம்பேத்கரின் தொழிற்கொள்கை பற்றியோ, 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது அவர் செய்த பணிகள் பற்றியோ வாதம் எழவில்லை. எழுந்த கேள்வி ஒன்றுதான்: இதை இளையராஜா எழுதலாமா?

இரண்டாகப் பிரிந்த வாசகர்கள்

ஆதரித்தவர்கள், ஒரு கலைஞருக்குத் தம் கருத்தைச் சொல்லும் உரிமை உண்டு என்றனர். நவம்பர் 26-ஐ அரசியலமைப்பு நாளாக 2015-இல் அறிவித்தது, அம்பேத்கர் வாழ்வோடு தொடர்புடைய ஐந்து இடங்களை நினைவிடங்களாக்கியது, பணப் பரிமாற்றச் செயலிக்கு 'பீம்' என்று பெயர் வைத்தது ஆகியவற்றை அவர்கள் எடுத்துக்காட்டினர். பாரதிய ஜனதா கட்சியின் தேசியத் தலைவராக அப்போது இருந்த ஜெ. பி. நட்டா, மாற்றுக் கருத்துக்காக ஒரு மாபெரும் கலைஞரை இழிவுபடுத்துகிறார்கள் என்று கண்டித்தார். மத்திய இணை அமைச்சர் எல். முருகனும் இளையராஜாவுக்கு ஆதரவாகப் பேசினார்.

எதிர்த்தவர்களின் வாதம் வேறு. சாதியை ஒழிக்கவேண்டும் என்று எழுதியவர் அம்பேத்கர். இந்து மதத்தை விட்டு 1956-இல் பௌத்தம் தழுவியவர். இந்துத்துவக் கொள்கை கொண்ட கட்சியின் தலைவரை அவரோடு ஒப்பிடுவது அம்பேத்கரைச் சிறுமைப்படுத்துவதாகும் என்றனர். அரசு நிறுவனங்கள் தனியார்மயமாகும்போது இடஒதுக்கீட்டு வேலைகள் குறைவதையும் சுட்டினர். விடுதலைச் சிறுத்தைகள், திராவிடர் கழகம், இடதுசாரிகள் எனப் பல தரப்பிலிருந்தும் இக்குரல் வந்தது.

இந்தக் கோபத்தில் ஏமாற்றமும் கலந்திருந்தது. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடிப் புகழ்பெற்றவர். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கட்சிக்காகப் பாடியவர். தம்பிகள் அந்தக் குழுவில்தான் இசை பழகினார்கள். 'இசைஞானி' என்ற பட்டத்தைச் சூட்டியவர் மு. கருணாநிதி. ஆகவே இடதுசாரிகளும் திராவிட இயக்கத்தாரும் இளையராஜாவைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே எண்ணிவந்தனர். முன்னுரையைப் படித்தபோது, வீட்டுப் பிள்ளை வேறு வீட்டுக்குப் போய்விட்டது போன்ற உணர்வு அவர்களுக்கு. இளையராஜாவோ, தம் இசையை எந்த அடையாளத்தோடும் சேர்த்துப் பேசுவதைப் பொதுவாக விரும்பாதவர்.

கொங்கு நாட்டிலும் இந்த வாதம் சூடாகவே நடந்தது. சொல்லப்போனால் இளையராஜாவின் திரைவாழ்வு தொடங்கியதில் கொங்கு மண்ணுக்கும் பங்கு உண்டு. 1976-இல் வெளியான அவரது முதல் படமான 'அன்னக்கிளி' படமாக்கப்பட்டது, பவானிசாகருக்கு அப்பால் மாயாற்றங்கரையில் உள்ள தெங்குமரகடாவில். அந்தியூர், பவானி, சத்தியமங்கலம் பக்கத்துத் திருவிழா ஒலிபெருக்கிகளுக்கு அவருடைய பாட்டு அன்றாடச் சோறு போன்றது. அதே மண்ணிலிருந்துதான் அவருக்கு எதிரான மிகக் கடுமையான பேச்சும் வந்தது. ஈரோட்டைச் சேர்ந்த காங்கிரஸ் தலைவரும் பெரியாரின் அண்ணன் பேரனுமான இ.வி.கே.எஸ். இளங்கோவன் பேசிய பேச்சு இளையராஜாவின் பிறப்பை இழிவுபடுத்துவதாகப் புகார் எழுந்தது. பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆணையம் தமிழ்நாட்டு அரசு அதிகாரிகளிடம் இதுபற்றி அறிக்கை கேட்டது.

வரலாறு படிக்கும் மாணவர் இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். ஒரு நூலின் கருத்து தவறு என்று காட்ட, நூலின் வரிகளை எடுத்து மறுக்கலாம்; எழுதியவரின் கடந்தகாலத்தோடு ஒப்பிட்டும் கேட்கலாம். எழுதியவரின் பிறப்பைத் தொட்டுப் பேசினால், அம்பேத்கர் எதை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடினாரோ அதையே கையில் எடுத்ததாகிவிடும். 'இந்தப் பிறப்பில் வந்தவர் இப்படித்தான் எண்ணவேண்டும்' என்று மென்மையாகச் சொன்னவர்களும் ஏறக்குறைய அதே தவற்றைச் செய்தவர்களே.

மறுபக்கத்துக்கும் ஒரு சங்கடம் உண்டு. தலைவர்களை வழிபடும் போக்கை அம்பேத்கரைப் போல் வெளிப்படையாகக் கண்டித்தவர் நம் அரசியல் வரலாற்றில் அரிது. 1943 ஜனவரியில் புனேயில் ரானடே பற்றி ஆற்றிய உரையில், காந்தி, ஜின்னா இருவரைச் சுற்றியும் வளர்ந்த தனிமனித வழிபாட்டை அவர் சாடினார். 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையிலும், பக்தி ஆன்மாவின் விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் அது சரிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும் வழியாகும் என்ற பொருளில் எச்சரித்தார். இப்படிப்பட்டவரின் பெயரைத் தாங்கி ஒரு புகழ்நூல் வந்தது. வாதத்தின் இரைச்சலில் இந்த முரண் போதிய கவனம் பெறவில்லை.

பரிசில் என்னும் கேள்வி

புகழ்ந்து எழுதியவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வியும் ஏப்ரலிலேயே எழுந்துவிட்டது. மாநிலங்களவை உறுப்பினர் பதவிக்காகத்தான் எழுதினார் என்றனர் சிலர். அப்போது பாரதிய ஜனதா கட்சியில் இருந்த தம்பி கங்கை அமரன், அண்ணனிடம் பேசியதாகவும், அவர் பதவி எதையும் எதிர்பார்த்து எழுதவில்லை, எழுதியதைத் திரும்பப் பெறவும் மாட்டார் என்றும் செய்தியாளர்களிடம் கூறினார்.

இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதன்று. சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்தின் பதிகங்கள், பாடிய புலவர் பெற்ற பரிசிலையும் கணக்கோடு எழுதிவைத்தவை. ஏழாம் பத்தில் செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பாடிய கபிலருக்கு நூறாயிரம் காணம் பொன்னும், 'நன்றா' என்ற குன்றின்மேல் நின்று கண்ணுக்கு எட்டிய நாடும் கிடைத்தன. இந்த நன்றாவைப் பவானியின் பழம்பெயரான திருநணாவோடு தொடர்புபடுத்தும் அறிஞர்களும் உண்டு. அப்படியானால் கபிலர் கண்ட நாட்டில் அந்தியூர்ப் பக்கமும் அடங்கியிருக்கலாம்! எட்டாம் பத்தில் பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய அரிசில் கிழாருக்கு ஒன்பது நூறாயிரம் காணமும் அரசு கட்டிலும் தரப்பட்டன. அவர் அரசை மன்னனிடமே திருப்பிக் கொடுத்து அமைச்சராக அமர்ந்தார்.

கபிலர் தம் பாட்டிலேயே, பாரி இறந்துபோனதால் உன்னிடம் இரந்து வரவில்லை, உண்மைக்கு மாறாகச் சொல்லவும் இல்லை என்ற பொருளில் பேசுகிறார். அப்படிச் சொல்லவேண்டிய தேவை அவருக்கு ஏன் வந்தது? பாட்டைக் கேட்ட சிலர் மனத்தில் ஐயம் இருந்திருக்கிறது என்பதே பொருள். கங்கை அமரன் 2022-இல் சொன்னதும் ஏறத்தாழ இதே விடைதான்.

மேற்கு நாட்டிலும் இதற்கு நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1852-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற பிராங்க்ளின் பியர்ஸ் என்பவரைப் புகழ்ந்து ஒரு வாழ்க்கை வரலாறு வெளியானது. எழுதியவர் அந்நாட்டின் முதன்மை நாவலாசிரியர்களுள் ஒருவரான நதானியேல் ஹாதார்ன். இருவரும் கல்லூரி நண்பர்கள். எதிர்க்கட்சியினர், பியர்ஸைப் பெரிய மனிதராகக் காட்டிவிட்டால் அதுதான் ஹாதார்னின் மிகச் சிறந்த கற்பனைக் கதையாக இருக்கும் என்று கேலி செய்தனர். அடிமைமுறை மனித முயற்சியால் அன்றி, இறைவன் குறித்த காலத்தில் தானாக மறையும் என்ற கருத்து அந்நூலில் இருந்ததால், அடிமை ஒழிப்பாளர்கள் வெகுண்டனர். நூலால் வட மாநிலங்களில் நூற்றுக்கணக்கான நண்பர்களை இழந்ததாக ஹாதார்னே ஒரு கடிதத்தில் எழுதினார்.

பியர்ஸ் 31 மாநிலங்களில் 27-இல் வென்று குடியரசுத் தலைவரானார். 1853-இல் ஹாதார்னுக்கு இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் தூதரகப் பதவி கிடைத்தது. அந்நாளில் நல்ல வருவாய் தந்த பதவி அது. பத்தாண்டு கழித்து, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863-இல், பதிப்பாளர் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், தம் அடுத்த நூலையும் பியர்ஸுக்கே காணிக்கையாக்கினார். அதற்குள் பியர்ஸின் பெயர் வட மாநிலங்களில் மிகவும் கெட்டிருந்தது. பதவி தரும் நிலையிலும் அவர் இல்லை. சிந்தனையாளர் எமர்சன் தம் படியிலிருந்து அந்தக் காணிக்கைப் பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு நூலை வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். 1852-இல் எழுதியது பதவிக்கா நட்புக்கா என்று அன்று யாராலும் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. 1863-இன் காணிக்கையைப் பார்த்தால், நட்பு உண்மையானது என்றாவது ஒப்புக்கொள்ளவேண்டும். அந்நட்பினால் அடிமைமுறை பற்றிய அவரது கருத்து சரியாகிவிடவில்லை.

ஜூலையும் செப்டம்பரும்

2022 ஜூலை 6 அன்று இளையராஜா மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராக அறிவிக்கப்பட்டார். உடன் அறிவிக்கப்பட்டவர்கள் ஓட்டப்பந்தய வீராங்கனை பி. டி. உஷா, தர்மஸ்தலாவின் வீரேந்திர ஹெக்டே, திரைக்கதை ஆசிரியர் விஜயேந்திர பிரசாத். நால்வரும் தென் மாநிலத்தவர். அரசியலமைப்பின் 80-ஆம் பிரிவு, இலக்கியம், அறிவியல், கலை, சமூகப் பணி ஆகியவற்றில் சிறந்த 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்க வழிசெய்கிறது. ஜூலை 25 அன்று இளையராஜா தமிழில் உறுதிமொழி ஏற்றார்.

'அன்றே சொன்னோம்' என்றது ஒரு தரப்பு. 2010-இல் பத்ம பூஷண், 2018-இல் பத்ம விபூஷண் பெற்ற ஒருவருக்கு இப்பதவி மிகை அன்று என்றது மறுதரப்பு. ஏப்ரலில் யார் எந்தப் பக்கம் நின்றார்களோ அவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றனர். நியமனம் புதிய சான்றாக யாருடைய எண்ணத்தையும் மாற்றவில்லை.

நூலின் முறைப்படியான வெளியீட்டு விழா தில்லியில் நடந்தது செப்டம்பர் 16 அன்று. வெளியிட்டவர், ஜூலை இறுதியில் பதவிக்காலம் முடிந்திருந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த். அதற்குள் தமிழ்நாட்டில் வாதம் எழுந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.