கூலியாக வார்த்த சைடர்

இங்கிலாந்தின் மேற்கெல்லையில் வேல்ஸ் நாட்டை ஒட்டிக் கிடக்கும் ஹெரிபோர்டுஷைர் ஜில்லாவில், ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் சைடர் என்னும் பானம், குடியானவன் வீட்டு விருந்துக்கு மட்டுமன்றி, அவன் வயலில் பாடுபட்டவனுக்குக் கூலியின் ஒரு பங்காகவும் நெடுங்காலம் வழங்கி வந்தது.

அதன் கீர்த்தி பிரபுக்களால் பரவியது. முதலாம் சார்லஸ் மன்னரின் ஸ்தானாபதியாகப் பிரான்சில் பணியாற்றித் திரும்பிய ஸ்கூடமோர் பிரபு, தம் ஹோம் லேசி பண்ணையில் ரெட்ஸ்ட்ரீக் என்னும் செவ்வரி ஆப்பிளைப் பேணி வளர்த்தார். 1664-இல் ஜான் ஈவ்லின், மரங்களைப் பற்றிய தம் நூலோடு பொமோனா என்றொரு பகுதியைச் சேர்த்துச் சைடருக்குப் பெருமை தேடித் தந்தார்.

ஆனால் அத்தொழிலின் உயிர்நிலை பண்ணைவீட்டு முற்றத்தில்தான் இருந்தது. வட்டமான கல்தொட்டிக்குள் பெரிய உருளைக் கல்லைக் குதிரை சுற்றிச் சுற்றி இழுக்க, பழம் நசுங்கிக் கூழாகும் காட்சி நம் ஊர்ச் செக்கையே நினைவூட்டும். அக்கூழைக் குதிரைமயிர்த் துணியில் மடித்து அடுக்கடுக்காக வைத்து அழுத்தினால் வழியும் சாறு, ஓக் பீப்பாயில் தானே புளித்து வசந்த காலத்துக்குள் சைடராகும். எஞ்சிய சக்கை மாட்டுக்கும் பன்றிக்கும் தீனி. ஆடுமாடுகளின் வாய்க்கு எட்டாதபடி மரங்களை உயர வளர்த்து, இடைவெளி விட்டு நட்டு, அடியில் புல்லை விட்டுவைத்தமையால், ஒரே நிலம் பழமும் மேய்ச்சலும் தந்தது; மேய்ந்தவை எருவும் இட்டன. இக்காலத்தார் இதற்குப் பெரிய பெயர்கள் சூட்டுகிறார்கள். அந்தக் குடியானவனுக்கோ அது வெறும் வீட்டுக் கணக்கு.

1763-இல் பியூட் பிரபுவின் அரசாங்கம் ஹாக்ஸ்ஹெட் என்னும் பெரிய பீப்பாய் ஒன்றுக்கு நான்கு ஷில்லிங் வரி விதித்து, அதிகாரிகள் வீடு புகுந்து சோதிக்கவும் அனுமதித்தபோது எழுந்த கொந்தளிப்பு அடங்காமையால், 1766-இல் அவ்வரியை நீக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஜார்ஜ் பேக்கர் என்னும் வைத்தியர், டெவன் ஜில்லாவில் பலரை வாட்டிய வயிற்றுவலிக்குச் சைடர்ச் சாதனங்களில் சேர்ந்த ஈயமே காரணம் என்று நிரூபித்தார். ஹெரிபோர்டுஷைர் சைடரில் அவ்விஷம் இல்லை.

கூலிக்காரன் சிறு மரப்பீப்பாயில் தன் பங்கை வாங்கி வயலுக்குச் சுமந்து சென்றதைச் சிலர் இனிய சம்பிரதாயமாக வர்ணிப்பர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிழிந்த சக்கையிலேயே நீரூற்றி மறுபடி பிழிந்த நீர்த்த பானம் பல இடங்களில் அவன் பங்காயிற்று. பணமாக வந்திருந்தால் அவன் பிள்ளைகளுக்கு ரொட்டியாகியிருக்கும். 1887-ஆம் ஆண்டுச் சட்டம் போதை தரும் பானத்தைக் கூலியாகக் கொடுப்பதைத் தடுத்தது. வழக்கம் மெல்லத்தான் மறைந்தது.

அதே ஆண்டில், கிரெடன்ஹில் பாதிரியாரின் மகன் பெர்ஸி புல்மர், தந்தையின் தோட்டத்து ஆப்பிளைக் கொண்டு தொடங்கிய தொழில் உலகப் பிரசித்தி பெற்ற ஆலையாக வளர்ந்தது. வீட்டுப் பொருள் சந்தைப் பொருளாயிற்று. குட்டை மரங்களை நெருக்கி நட்ட புதிய தோட்டங்கள் எழ, பழைய தோப்புகளில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டில் அழிந்தது. அவற்றின் உளுத்த மரங்களில் வாழும் நோபிள் சேஃபர் என்னும் அரிய வண்டும் அருகிப் போயிற்று; 2007-இல் பழந்தோப்புகள் பாதுகாக்கத்தக்க இயற்கை வாழிடங்களின் பட்டியலில் இடம்பெற்றன.

மிஞ்சிய தோப்புகளில் இன்று சிறு குடும்பங்கள் பழைய முறையிலேயே சைடர் செய்கின்றன. 1976-இல் சைடர் வரி மீண்டும் வந்தபோது, ஆண்டுக்குச் சுமார் 7000 லிட்டருக்கு மேற்படாமல் செய்பவர்க்கு விலக்கு அளித்தார்கள். அச்சிறு சலுகை இல்லையேல், அக்குடும்பங்களில் பல அன்றே தொழிலைக் கைவிட்டிருக்கும் என்பது என் துணிபு.