1943 செப்புச் சென்ட்டும் நாணயச்சாலைப் பிழைகளை இனங்காணலும்

நாணயச்சாலைப் பிழை என்பது வில்லை வெட்டுதல், அச்சு செய்தல், காசு அடித்தல் ஆகிய கட்டங்களில் ஏதேனும் ஒன்றில், நாணயச்சாலைக்கு உள்ளேயே நேர்ந்த தவறாகும். வெளியே வந்த பின் காசுக்கு என்ன நேர்ந்தாலும் அது சேதமே அன்றிப் பிழை அன்று. தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசும் அமிலத்தில் ஊறி மெலிந்த காசும் சேதமுற்றவையே. இவ்வேறுபாட்டைச் சொல்வது எளிது. காசைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்வதுதான் கடினம். அமெரிக்காவின் 1943 செப்புச் சென்ட் இதற்குத் தக்க சான்று.

இரண்டாம் உலகப் போரின்போது செம்பு படைத் தேவைக்குத் திருப்பிவிடப்பட்டதால், 1943இல் ஒரு சென்ட் காசுகள் துத்தநாகம் பூசிய எஃகில் அடிக்கப்பட்டன. பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று நாணயச்சாலைகளிலும் சேர்த்து நூறு கோடிக்கும் மேல் வெளியாயின. வெள்ளை நிறத்தால் மக்கள் இதனைப் பத்து சென்ட் என்று மயங்கினர்; துருவும் பிடித்தது. அடுத்த ஆண்டே செம்புக் கலவைக்குத் திரும்பினர்.

முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில, வில்லைப் பெட்டிகளின் இடுக்கில் சிக்கியிருந்து, பின்னர் எஃகு வில்லைகளோடு கலந்து அச்சுக்குள் போயின என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். அவ்வாறு பிறந்த காசுகள் மிகச் சிலவே.

1947இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்பீல்டு நகரில், 16 வயது மாணவர் ஒருவருக்குப் பள்ளி உணவகத்தில் தந்த சில்லறையில் அத்தகைய காசு ஒன்று வந்தது. இக்காசைக் கொண்டுவருபவருக்கு ஹென்றி போர்டு புதிய கார் தருவார் என்று அக்காலத்தில் ஒரு வதந்தி உலவியது. மாணவர் விசாரித்தபோது, அது உண்மையல்ல என்று போர்டு நிறுவனம் கூறிவிட்டது. கருவூலத் துறைக்கு எழுதியபோதோ, 1943இல் செப்புக் காசு அடிக்கப்படவே இல்லை, அனைத்தும் எஃகே என்று பதில் வந்தது. பிழையை உண்டாக்கியவருக்கே பிழை தெரியாதிருந்தது! அவர் காசை விற்காமல் வாழ்நாள் முழுதும் வைத்திருந்தார். அவர் மறைந்த பின், 2019 சனவரியில் அது 2,04,000 டாலருக்கு ஏலம் போனது.

விலை இவ்வளவு என்றால் போலிகள் பெருகாமல் இருக்குமா? எஃகுக் காசுக்குச் செப்பு முலாம் பூசுவதே பழைய வழி. காந்தம் அதனை உடனே காட்டிக்கொடுத்துவிடும். எடையும் பொய் சொல்லாது: வெண்கலக் காசு 3.11 கிராம், எஃகுக் காசு சுமார் 2.7 கிராம். ஆனால் இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். காந்தத்தில் ஒட்டினால் போலி என்பது உறுதி. ஒட்டாவிட்டால் அசல் என்பது உறுதியல்ல. 1948ஆம் ஆண்டுக் காசில் 8இன் இடப்பக்கத்தைச் சுரண்டி 3 ஆக்கிவிட்டால், அதுவும் வெண்கலம், எடையும் சரியாக இருக்கும். உண்மையான 1943இல் 3இன் வால் மற்ற எண்களுக்குக் கீழே நீண்டு இறங்கும். சுரண்டிய 3இல் அது இராது. அதன் பின்னும் ஐயம் இருந்தால் வல்லுநரிடம் காட்டுவதே முறை. இதற்கு நேர்மாறாக, 1944இல் எஃகு வில்லையில் அடிபட்ட காசுகளும் உண்டு.

1955 சென்ட்டின் பிழை வேறு வகை. எஃகுத் துண்டின்மேல் மூல முத்திரையை அழுத்தி, துண்டைச் சூடாக்கி இளக்கி, மீண்டும் அழுத்தியே அக்காலத்தில் அச்சு செய்தனர். ஓர் அச்சில் இரண்டாம் அழுத்தம் சற்றே திரும்பி விழுந்தது. ஆகவே அந்த அச்சில் அடிபட்ட ஒவ்வொரு காசிலும் ஆண்டும் முன்பக்க எழுத்துகளும் ஒரே விதமாக இரட்டையாகத் தெரியும். பின்பக்கம் இயல்பாகவே இருக்கும். 20,000 முதல் 24,000 வரை வெளியே போயின என்பது மதிப்பீடு. இவற்றுள் பல சிகரெட் பெட்டிகளில் கிடைத்தன. 23 சென்ட் விலையுள்ள பெட்டிக்கு இயந்திரத்தில் 25 சென்ட் காசு போட வேண்டியிருந்ததால், மீதி 2 சென்ட்டைப் பெட்டியின் உறைக்குள்ளேயே வைத்து விற்றனர்.

இரட்டையாகத் தெரிவதெல்லாம் இவ்வகை அன்று. அடிக்கும் கணத்தில் அச்சு தளர்ந்து அசைந்தால், எழுத்தின் ஓரம் தட்டையான படிபோல் நசுங்கும், எழுத்து மெலியும். இரட்டை அச்சிலோ இரு வடிவங்களும் திரட்சியாக, தனித்தனியே நிற்கும். எழுத்து முனைகளில் பிளவு தெரியும். தேய்ந்த அச்சால் கடைசி 5 மட்டும் மங்கலாக இரட்டித்த 1955 சென்ட் ஒன்றும் உண்டு. அதனை "ஏழையின் இரட்டை அச்சு" என்று சேகரிப்பாளர்கள் கேலியாகக் குறிப்பிடுவர். அதன் விலையும் பெயருக்கு ஏற்றதே.